ஏ.என்.ஏ. அறிக்கை இருக்கட்டும், ஸ்டீராய்டை ஏன் நிறுத்தினீர்கள்?

கிளையோமா என்னும் மூளைக்கட்டிக்கு அறுவை சிகிச்சை முடிந்து கதிர்வீச்சு பெற்றுவரும் உங்கள் கணவருக்கு, நீங்களாகவே எடுத்துப் பார்த்த ஏ.என்.ஏ. பரிசோதனை (உடலின் சொந்தச் செல்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைத் தேடும் ரத்தப் பரிசோதனை) ‘1:80, பாசிட்டிவ்’ என்று வந்ததால், அவருடைய உடலே அவருடைய மூளையை அழிக்கிறதோ என்று அஞ்சுகிறீர்கள். அப்படி இல்லை. இந்த அளவு எந்த நோயும் இல்லாதவர்களிலேயே நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு வரும். போதாக்குறைக்கு, வலிப்புக்காக அவர் சாப்பிடும் ஃபெனிடாயினும் இதை பாசிட்டிவாக்கக்கூடும். அவருக்கு முடி கொட்டுவது கதிர்வீச்சால்தான், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் என்ற நோயால் அல்ல.

மூளைத் திசு சிதையும்போது, வழக்கமாக அதற்குள்ளேயே அடைபட்டிருக்கும் புரதங்கள் ரத்தத்தில் கசிவதும், அவற்றுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குவதும் உண்டு. கிளையோமா நோயாளிகள் சிலரிடம் ஜி.எஃப்.ஏ.பி. என்ற மூளைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டிருக்கிறது. அது கட்டியால் விளைவது. கட்டியை உண்டாக்குவது அல்ல. இணையத்தில் நீங்கள் படித்த என்.எம்.டி.ஏ. மூளை அழற்சி, அதாவது எதிர்ப்பொருள்கள் மூளையைத் தாக்கும் நோய், 2007இல் சினைப்பைக் கட்டியுள்ள பெண்களிடம் விவரிக்கப்பட்ட வேறொரு நோய். அதற்கான பரிசோதனையும் ஏ.என்.ஏ. அல்ல.

ஆனால், உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த இரண்டு வரிகள்தான் என்னைப் பதற வைத்தன. ஸ்டீராய்டு பரிசோதனை முடிவை மறைத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மூன்று நாட்களாக அவருடைய ஸ்டீராய்டு மாத்திரையான டெக்ஸாமெத்தசோனை நிறுத்திவிட்டீர்கள். காலையில் தலைவலி, நேற்று ஒரு முறை வாந்தி. படித்தவுடன் தொலைபேசியில் உங்களிடம் சொன்னதை மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். கட்டியைச் சுற்றியுள்ள மூளை வீக்கத்தை அடக்கி வைத்திருப்பது அந்த மாத்திரைதான். அதைத் திடீரென நிறுத்தினால் வீக்கம் திரும்பும். வாரக்கணக்கில் சாப்பிட்டவருக்கு உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி உறங்கிப்போயிருப்பதால், ரத்த அழுத்தம் சரிந்து மயக்கமும் வரலாம். இரவெல்லாம் படுத்திருக்கையில் மண்டைக்குள் அழுத்தம் கூடுவதால், விடியற்காலையில் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. கூடவே அரைத்தூக்கமாகக் கிடந்தால், நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். டெக்ஸாமெத்தசோனைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எந்தத் தேதியில் எத்தனை மில்லிகிராம் என்பதை அவருடைய மருத்துவரிடமே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏ.என்.ஏ.வை மறுபடி எடுக்கத் தேவையில்லை.