முடிச்சில் மரம் ஏறிப் பழகியவர் இயந்திரக் கருவிக்கு மாறும்போது அதைக் கயிற்றில் எப்படி அமைப்பது?

இதுவரை புருசிக் முடிச்சில்தான் (ஏறும் கயிறைச் சுற்றிக் கட்டும், எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும் முடிச்சு) ஏறி வேலை பார்த்தேன், இனி அந்த முடிச்சின் வேலையைச் செய்யும் ஜிக்ஜாக் போன்ற இயந்திரக் கருவிக்கு மாறப் போகிறேன், ஒற்றைக் கயிறில் பொருத்துவதா இரட்டைக் கயிறிலா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கருவியைத் தனியாக வைத்து யோசிக்காதீர்கள். கயிறு, அது மேலே தொங்கும் இடம், உங்கள் எடை, இந்த மூன்றையும் பொறுத்துத்தான் கருவி பிடிப்பதும் வழுக்குவதும். மூன்றில் ஒன்று மாறினாலும் மறுபடி தரையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒற்றையா இரட்டையா என்பதை முடிவு செய்யுங்கள். இரட்டைக் கயிறு முறையில் கயிறு கிளையைத் தாண்டி இறங்கும். ஒரு முனை உங்கள் ஹார்னஸில் (உடம்பில் மாட்டும் ஏறு பட்டை) இருக்கும், மறுபக்கம் கருவி வழியாக ஓடும். 1 மீட்டர் ஏற 2 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். ஆனால் கருவிக்கு வருவது ஏறக்குறைய பாதி எடைதான். ஒற்றைக் கயிறில் கயிறு நகராது, நீங்கள் மட்டும் அதில் ஏறுகிறீர்கள், முழு எடையும் கருவிக்கே வரும். பாதி எடைக்காகச் செய்த கருவியில் முழு எடையைத் தொங்கவிடக் கூடாது. ஜிக்ஜாக்கை ஒற்றைக் கயிறில் பயன்படுத்த வேண்டுமானால் அதற்கு மேலே சிகேன் என்ற துணைக் கருவி கட்டாயம். முடிச்சில் ஏறுபவர்கள் முடிச்சுக்கு மேலே ரோப் ரெஞ்ச் என்ற துணைக் கருவியைப் பொருத்துவதும் இதே காரணத்துக்காகத்தான். அது கயிறை வளைத்து உராய்வில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆளைத் தாங்குவது அப்போதும் முடிச்சுதான், ரெஞ்சை மட்டும் நம்பித் தொங்க முடியாது. ரோப் ரன்னர் புரோ, அகிம்போ போன்ற ஏறும் கருவிகள் இரண்டு முறைக்கும் சேர்த்தே வடிவமைத்தவை. அகிம்போவில் உராய்வைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு. எளிது என்று தோன்றும், ஆனால் அந்த அளவை உங்கள் எடைக்கும் கயிறுக்கும் நீங்களேதான் கண்டுபிடித்தாக வேண்டும்.

கயிறு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஜிக்ஜாக்குக்கு 11.5 முதல் 13 மி.மீ. தடிமன் வரை சரி. எந்தக் கருவியானாலும் அதன் உடம்பிலேயே அளவு பொறித்திருக்கும், கையேட்டிலும் இருக்கும். ஆனால் மி.மீ. பொருந்திவிட்டால் போதாது. புதுக் கயிறு வழவழப்பாக ஓடும். நாள்பட்ட கயிறு மேலுறை பிசிறி, பிசின் ஏறி, கொஞ்சம் பருத்துப்போய் இறுக்கிப் பிடிக்கும். மழையில் நனைந்தால் அது வேறு கதை.

மேலே தொங்கும் இடத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. இரட்டைக் கயிறு மரப்பட்டைமேல் நேரடியாக உரசி ஓடும்போது, இறங்குகையில் அந்த உரசலே உங்கள் எடையில் ஒரு பங்கைத் தாங்கிவிடும். அதே இடத்தில் வளையமோ கப்பியோ வைத்த பட்டைக் காப்பானை (கயிறு மரப்பட்டையில் உரசாமல் இருக்கக் கிளையில் மாட்டுவது) போட்டால், தாங்கிக்கொண்டிருந்த அந்தப் பங்கும் கருவிக்கு வந்துவிடும். நேற்று மெதுவாக இறக்கிய கருவி இன்று சட்டென்று இறக்கும். இதற்குப் பயந்து காப்பானை விட்டுவிட வேண்டாம், மரத்துக்கும் கயிறுக்கும் அது நல்லது. பிடியை மட்டும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் கயிறை அடிமரத்தில் கட்டினால் மேலே உள்ள கவட்டையில் உங்கள் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விழும். கருவிகளோடு சேர்த்து 90 கிலோ என்றால் 180 கிலோ வரை. அதனால் ஏறுவதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து கயிறில் தொங்கிப் பார்க்க வேண்டும். கிளை அசைந்தாலோ ‘கிறீச்’ என்றாலோ வேறு கவட்டை பாருங்கள். அப்புறம், அடியில் கட்டிய கயிறு மரத்தை ஒட்டியே கீழே வருவதால் செயின்சா அதில் பட வாய்ப்பு உண்டு. அந்தப் பக்கம் வெட்டும் வேலை இருந்தால் நான் கயிறை அடிமரத்தில் கட்டவே மாட்டேன், மேலே கிளையிலேயே கட்டிவிடுவேன்.

இனி சோதனை. முழங்கால் உயரத்தில் ஹார்னஸில் உட்கார்ந்து இரண்டு காலையும் தூக்குங்கள். கருவி உடனே பிடிக்க வேண்டும், ஒரு விரற்கடை நழுவி அப்புறம் பிடித்தாலும் எனக்கு உடன்பாடில்லை. குதித்து உட்கார்ந்து பாருங்கள். பிறகு விடுவிக்கும் பகுதியை ஒரே விரலால் அழுத்துங்கள். மெதுவாக இறங்கத் தொடங்கி, விரலை எடுத்தவுடன் நிற்க வேண்டும். முழுக்கையின் பலம் தேவைப்பட்டால் உராய்வு அதிகம். தொட்டதும் ஓடினால் குறைவு. முடிச்சோடு ரெஞ்ச் போடுபவர் சுற்று ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். இயந்திரக் கருவியில் கையேடு அனுமதிக்கும் மாற்றம் மட்டும்தான், சொந்த யோசனை கூடவே கூடாது.

காராபினர் (கருவியை ஹார்னஸோடு இணைக்கும் உலோகக் கொக்கி) தானே பூட்டும் மூன்றசைவு வகையாக, அதாவது திறக்க மூன்று அசைவு தேவைப்படுவதாக இருக்கட்டும். எடை அதன் நீளவாக்கில் விழுகிறதா, வாயைக் கிளை அழுத்துகிறதா என்று ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் பாருங்கள். ஒற்றைக் கயிறில் ஏறும்போது கருவியை மார்புப் பட்டையோடு இணைத்தால் அது தானாக மேலேறி வரும், காலுக்கும் முழங்காலுக்கும் ஏறுபிடிகள் சேர்த்தால் தோள் பிழைக்கும். கயிறின் கீழ்முனையில் ஒரு தடுப்பு முடிச்சு போட்டுவிடுங்கள். செயின்சாவைக் கையில் எடுக்கும் முன் லான்யார்டையும் (ஹார்னஸில் மாட்டும் குட்டைக் கயிறு) மரத்தைச் சுற்றிப் போட்டு இரண்டாவது பிடிப்பை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் முடிச்சிலிருந்து வருவதால் முதலில் இரட்டைக் கயிறிலேயே ஜிக்ஜாக்கைப் பழகுங்கள் என்பேன். கையசைவு ஏறக்குறைய அதேதான், புதிதாகக் கற்க வேண்டியது அந்த விடுவிக்கும் அழுத்தம் மட்டுமே. அது கைக்குப் பழகிய பிறகு சிகேன் வாங்கிக்கொள்ளலாம். பழைய புருசிக் கயிறைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மேலே கருவி மக்கர் செய்தால் இறங்க அது வேண்டும். ஆனால் அதில் உருகிப் பளபளக்கும் இடம் இருந்தால் புதுசு வாங்கிவிடுங்கள்.