பெல்ட்டைக் கட்டிக்கொண்டு களி சாப்பிடலாமா?

வாசகர்களின் உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர், தருமபுரியில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற பொது மருத்துவர்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 63. ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கி, இரண்டு முறை ரத்தம் ஏற்றினோம். வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் டியூப் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. இப்போது சேலத்தில், கேமரா வைத்த கேப்ஸ்யூலை விழுங்கச் சொல்கிறார்கள். உள்ளே சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று மாமியார் பயப்படுகிறார். இடுப்பில் பெல்ட் கட்டுவார்களாமே, அன்று முழுக்கப் பட்டினியா, களி சாப்பிடலாமா என்றும் கேட்கச் சொன்னார்.
– வாசகி, மாரண்டஹள்ளி

பதில்: அம்மா, உங்கள் மாமியார் விவரமானவர். சிக்கிக்கொண்டால் என்ன என்பதுதான் இதில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பதிலுக்கு நானும் ஒன்று கேட்கிறேன். மூட்டு வலிக்கு அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நம் மாவட்டத்தில் ஃபுளோரைடு மிகுந்த போர் தண்ணீரைக் குடித்தே வளர்ந்த தலைமுறை அவருடையது. முழங்கால் மடங்காது, இடுப்பு நிமிராது. "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், "ஒன்றும் இல்லைங்க சார்" என்பார்கள். சுருக்குப் பையை அவிழ்க்கச் சொன்னால் வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே, அட்டையிலிருந்து கத்தரித்த நாலு டைக்ளோஃபினாக் இருக்கும். வலி மாத்திரை அவர்கள் கணக்கில் மாத்திரையே அல்ல!

அந்த மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும் என்பது பலருக்கும் தெரியும். சிறுகுடலையும் புண்ணாக்கி, சொட்டுச் சொட்டாக ரத்தத்தைக் கசியவிடும் என்பது தெரியாது. நாள்பட்டால் புண் ஆறிய தழும்பு வளையமாகச் சுருங்கி வழியைக் குறுக்கிவிடும். குடலில் வரும் காசநோயும் இப்படிக் குறுக்கும். கேப்ஸ்யூல் சிக்குவது பெரும்பாலும் இத்தகைய இடத்தில்தான். ஆகவே பழைய காசநோய், வயிற்று ஆபரேஷன், சாப்பிட்டபின் வயிறு முறுக்கி வலிப்பது, சுருக்குப் பை மாத்திரை எல்லாவற்றையும் சேலத்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்கேன் எடுப்பார், அல்லது தானாகக் கரையக்கூடிய வெறும் கேப்ஸ்யூலைக் கொடுத்து வழி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். இப்படிப் பார்த்துக் கொடுத்தும் நூற்றில் ஓரிருவருக்குச் சிக்கலாம். உடனே ஆபத்து என்றில்லை. பலருக்கு வலிகூட இருக்காது. இரண்டு வாரமாகியும் வரவில்லையென்றால் நீண்ட எண்டோஸ்கோப்பாலோ ஆபரேஷனாலோ எடுப்பார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். மேலிருந்து போகும் டியூப் அதன் தொடக்கத்தோடு நின்றுவிடும். கீழிருந்து போவது அதன் கடைசிப் பகுதியை எட்டிப் பார்த்துத் திரும்பிவிடும். நடுவில் உள்ளதைப் பார்க்கத்தான் இந்தக் கேப்ஸ்யூல். நீளம் 26 மில்லிமீட்டர், குறுக்களவு 11 மில்லிமீட்டர், எடை 4 கிராமுக்கும் குறைவு. ஒரு மடக்குத் தண்ணீரோடு இறங்கிவிடும். வினாடிக்கு இரண்டு படம் என்று வைத்தாலே 8 மணி நேரத்தில் 57,600 படங்கள். அத்தனையும் இடுப்புப் பெல்ட்டில் உள்ள கருவியில் பதிவாகும். டாக்டர் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார். புண் தெரியலாம், வயதானவர்களுக்கு வரும் ரத்தக்குழாய் முடிச்சு தெரியலாம், கட்டி தெரியலாம். கொக்கிப்புழு சுவரைக் கவ்விக்கொண்டிருப்பதும் தெரியலாம். ஆனால் இது பார்க்க மட்டுமே செய்யும். சதை கிள்ளாது, ரத்தத்தை நிறுத்தாது. அதற்கு வேறு எண்டோஸ்கோப்பி வேண்டியிருக்கலாம். அந்தச் செலவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இரவிலிருந்து பட்டினி, குடலைக் கழுவ மருந்து. விழுங்கி இரண்டு மணி நேரம் கழித்து இளநீர் போன்ற தெளிந்த பானம், நாலு மணி நேரம் கழித்து இரண்டு இட்லி. பொதுவான வழக்கம் இதுதான். களி மாலையில் பெல்ட்டைக் கழற்றிய பிறகு. சத்து மாத்திரையில் உள்ள இரும்பு குடல் சுவரில் கறுப்பாகப் படிந்து படத்தைக் கெடுக்கும். அதைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வெளியே வந்த கேப்ஸ்யூலை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அது ஒரே முறைதான் பயன்படும்.

கேள்வி: எனக்கு ஆறு மாதமாக நெஞ்செரிச்சல். டியூப் என்றாலே குமட்டுகிறது. அதற்குப் பதில் கேப்ஸ்யூல் கேட்கலாமா?
– மளிகைக் கடைக்காரர், காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டாம். உணவுக்குழாயைச் சாதாரணக் கேப்ஸ்யூல் நொடிகளில் கடந்துவிடும். இரைப்பையோ அகன்ற பை. அதில் கேப்ஸ்யூல் தன் போக்கில் உருளும், பார்க்க வேண்டிய மூலையைத் திரும்பிப் பார்க்கச் சொல்ல முடியாது. டியூப் வேலை சில நிமிடங்களில் முடியும், கிருமி இருக்கிறதா என்று சோதிக்கச் சதையும் எடுக்கலாம். தொண்டை மரக்க ஸ்பிரே அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தவர் டாக்டரா, இன்ஜினியரா?
– பிளஸ் டூ மாணவி, அரூர்

பதில்: இன்ஜினியர், கண்ணு. இஸ்ரேலின் கவ்ரியேல் இடான். ஏவுகணைகளுக்கான கேமரா வேலையில் இருந்தவர். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிப் வந்த பிறகே அவர் எண்ணம் கைகூடியது. லண்டன் மருத்துவர் பால் ஸ்வெய்னும் வேறு சிலரும் சேர்ந்து 2000-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பயாலஜியா மேத்ஸா என்று வீட்டில் சண்டை நடந்தால் இதைக் காட்டு.

கேள்வி: நாலு நாள் முன்பு கேப்ஸ்யூல் விழுங்கினேன். வெளியேறியதைப் பார்க்கவில்லை. நாளை முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகலாமா?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

பதில்: போகாதீர்கள். எம்.ஆர்.ஐ. ஒரு பெரிய காந்தம். கேப்ஸ்யூலுக்குள் பேட்டரியும் உலோகமும் இருக்கின்றன. வயிற்றுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்து, அது உள்ளே இல்லை என்று உறுதியான பிறகே முழங்காலைப் பார்க்கலாம். இதற்கிடையில் வாந்தியோ வயிற்று உப்புசமோ வந்தால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.