ஒரே தெருவில் நான்கு பேருக்குப் புற்றுநோய்: குவாரிதான் காரணமா?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர். மூன்று வருடத்தில் எங்கள் தெருவில் நான்கு பேருக்குப் புற்றுநோய். என் அத்தைக்கு மார்பகத்தில், பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு வாயில், எதிர்வீட்டு அக்காவுக்குக் கருப்பை வாயில், கிரானைட் குவாரியில் வேலை பார்த்த அண்ணனுக்கு நுரையீரலில். குவாரித் தூசியும் போர் தண்ணீரும்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா டாக்டர்?

பதில்: அடுத்தடுத்து நான்கு வீடுகளில் இப்படி நடந்தால் யாருக்கும் பயம் வரும். அதை வெறும் வதந்தி என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் நால்வருக்கும் வந்தது ஒரே நோய் இல்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எப்போதுமே எச்.பி.வி. வைரஸ்தான் காரணம். தாத்தாவிடம் புகையிலை, பாக்குப் பழக்கம் பற்றித்தான் முதலில் கேட்பேன். இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு புற்றுநோய் வரலாம் என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு கணித்திருக்கிறது. வயதானவர்கள் அதிகமுள்ள தெருவில் நான்கு பேர் என்பது தற்செயலாகவும் நடக்கும். நோய் வந்த வீடுகளை மட்டும் சுற்றிக் கோடு போட்டால் எந்தத் தெருவும் புற்றுநோய்த் தெருவாகத்தான் தெரியும்.

என்னை உறுத்துவது அந்த அண்ணன்தான். கிரானைட்டைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997லேயே அறிவித்துவிட்டது. அவர் பீடி, சிகரெட் பிடித்திருந்தாலும் தூசியை மறந்துவிடக் கூடாது. அவரோடு வேலை பார்த்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்த நோய் வெளியே தெரிய பெரும்பாலும் 20 வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பலர் ஊர் மாறியிருப்பார்கள். அதனால் தெருவை எண்ணுவதைவிட, குவாரி ஆட்களின் பட்டியல் எடுப்பதுதான் பலன் தரும். அவர்களில் யாருக்காவது இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் எக்ஸ்ரே எடுக்கட்டும். என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லட்டும். சிலிக்கா தூசியால் நுரையீரலில் தழும்பு விழும் சிலிக்கோசிஸ் நோயை டி.பி. என்று நினைத்தே மாத்திரை கொடுப்பது நடக்கிறது.

அப்புறம், புற்றுநோய் வந்தவர்களின் பட்டியலில் பெயர், வயது, எந்த உறுப்பு, நோய் தெரிந்த வருடம், எத்தனை வருடமாக ஊரில் இருக்கிறார், பார்த்த வேலை எல்லாம் இருக்கட்டும். பயாப்ஸி (சதைப் பரிசோதனை) அறிக்கை நகலும் சேர்த்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடமும், திங்கட்கிழமை மனுநாளில் ஆட்சியரிடமும் கொடுங்கள். அதை மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, இந்த வயதினரிடம் வழக்கமாக எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிட அதிகமா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கும்போது, ஆர்சனிக் போன்ற உலோகங்களையும் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள். வழக்கமான பரிசோதனையில் அவை விடுபடலாம்.

இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகலாம். தெருவில் 30 வயது தாண்டிய பெண்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மார்பகம், கருப்பை வாய், வாய் மூன்றுக்கும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. அத்தைக்கு ரத்த உறவான பெண்கள் முதலில் போகட்டும்.