மேட்டு நிலத்துத் தண்ணீரைக் கரை போட்டு அடைக்கலாமா?

செங்கல்பட்டு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார். ஏரி நீர்ப்பிடிப்பை ஒட்டி அவருக்கு 2 ஏக்கர் பட்டா நிலம். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பினால் வயலில் முழங்கால் தண்ணீர் ஏறிவிடுகிறது. போதாததற்கு மேல் வயலை வாங்கியவர் மண் கொட்டி உயர்த்தி, மழைநீரைக் குழாய் வைத்து இவர் நிலத்தில் இறக்கிவிடுகிறார். "நான் கரை போட்டு அடைக்கலாமா? கலங்கலில் (ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கல்கட்டில்) ஒரு வரிசைக் கல்லை எடுத்தால் தப்பா?"

முதலில் கலங்கல். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். ஏரியின் முழு நீர்மட்டம் அதன் உச்சிதான், அதை ஒரு அடி இறக்கினால் உங்கள் வயல் காயும், ஆனால் கீழே ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கடைசித் தண்ணீர் கிடைக்காமல் நெல் பதராகிவிடும். அதே மாதிரி ஆயக்கட்டுக்காரர்கள் கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்தினால் அதுவும் தப்புதான். அதைத் தடுக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறையிலும், குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்திலும் எழுதிக் கொடுங்கள்.

ஏரி தானாக நிரம்பியதற்கு நஷ்டஈடு கேட்பது மட்டும் கஷ்டம். கார்வேட்டிநகரம் ஜமீன் ஏரிகள் மழையில் உடைந்து ரயில் பாதையை அடித்துக்கொண்டு போன வழக்கில், ஏரி ஊருக்குத் தேவையானது, பராமரிப்பில் அலட்சியம் இருந்தால்தான் பொறுப்பு என்று 1874-லேயே லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது.

பக்கத்து நிலத்துக்காரர் விஷயம் வேறு. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 7-வது பிரிவின்படி, மேட்டில் பெய்த மழை தன் போக்கில் பள்ளத்துக்கு வடிந்தால் பள்ளத்துக்காரர் ஏற்கத்தான் வேண்டும். 'தன் போக்கில்' என்பதுதான் இங்கே முக்கியம். மண் கொட்டிச் சரிவை மாற்றி, பரவலாக வடிந்த தண்ணீரை ஒரே குழாயில் சேர்த்து வேகமாக உங்கள் மேல் விட அவருக்கு உரிமை கிடையாது. குழாய் வாய்க்கு நேரே வரப்பு அரித்துப் பள்ளம் விழுந்திருக்குமே, மழை பெய்யும்போதே அதைத் தேதி தெரிய வீடியோ எடுத்து வையுங்கள், சிவில் நீதிமன்றத்தில் உறுத்துக் கட்டளை (தடை உத்தரவு) கேட்கும்போது அது பெரிய பலம்.

சரி, கரை? போடும் முன் இணையத்தில் புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகை, உரிமையாளர் விவரம் உள்ள வருவாய்த்துறைப் பதிவேடு) எடுத்துப் பாருங்கள். ஓடை, வாய்க்கால் என்று ஒரு கோடு ஓடினால் அதை அடைக்கக் கூடாது, அது தூர்ந்து கிடந்தாலும் சரி. ஓடையும் ஏரிப்படுகையும் அரசுச் சொத்து என்று 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் சொல்கிறது. பட்டாவுக்குள்ளேயே ஓடும் சின்ன வாய்க்காலாக இருந்தாலும், 20 வருடமாக மற்றவர்கள் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு பயன்படுத்தி வந்திருந்தால் அவர்களுக்கு உரிமை வந்துவிடும்.

அப்புறம் ஒன்று, இந்த வருஷப் பயிர் போயிருந்தால் தண்ணீர் வடிவதற்குள் கிராம நிர்வாக அலுவலரையும் வேளாண் அலுவலரையும் வயலுக்கு அழைத்துக் காட்டிவிடுங்கள். 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று பதிவானால்தான் நிவாரணம்.