தெரு ரோடு: டெண்டருக்கு முன்பே எஸ்டிமேட்டைப் பாருங்கள்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்க எங்கள் தெருவைத் தோண்டி மூடினார்கள். ரோடு இன்னும் போடவில்லை. கேட்டால் ‘எஸ்டிமேட் போட்டாச்சு, ஃபண்ட் வரணும்’ என்கிறார்கள். எந்த ஃபண்ட்? ஏற்கெனவே ரோடு ஏறி ஏறி வாசற்படி வரை வந்துவிட்டது. இன்னும் ஏறினால் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வருமே, என்ன செய்வது?

பதில்: முதலில் எந்தத் தலைப்பில் பணம் வர வேண்டும் என்று கேளுங்கள். குழாய்த் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே ரோட்டைச் சீரமைக்க ஒரு தொகை இருக்கும். அது பெரும்பாலும் தோண்டிய அகலத்துக்கு மட்டும்தான். 4 மீட்டர் தெருவில் 1 மீட்டர் பள்ளம் என்றால் அந்த 1 மீட்டருக்குத்தான் பணம். மீதி 3 மீட்டருக்கு மாநகராட்சி வேறு நிதி தேட வேண்டும். இரண்டு தொகையையும் சேர்த்து முழு அகலத்துக்கும் ஒரே வேலையாகப் போட்டால்தான் ரோடு நிற்கும். தனித்தனியாகப் போட்டால் ஒட்டும் இடத்தில் தண்ணீர் இறங்கி, அங்கிருந்தே பெயரும்.

அந்த மீதி நிதி சொத்து வரி உள்ளிட்ட சொந்த வருவாய், மாநில நிதி ஆணையப் பகிர்வு, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், எம்.எல்.ஏ. தொகுதி நிதி என்று பல வழிகளில் வரலாம். மத்திய அரசின் 15-வது நிதி ஆணையம் கடலூர் போன்ற ஊர்களுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. அதை எடுத்து ரோடு போட முடியாது. கணக்கில் பணம் இருந்தும் தெருவுக்கு இல்லை என்பதற்கு இது ஒரு காரணம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் தெருக்காரர்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் வேலை முன்னால் நகரும். ஆனால் குழாய்க்காரர்கள் பெயர்த்த ரோட்டுக்கு மக்கள் பணம் கட்டுவது நியாயமில்லை. அந்தச் சீரமைப்புத் தொகையை முதலில் கேட்டு வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

கோப்பு போகும் வழி இது: உதவிப் பொறியாளர் அளந்து, பொதுப்பணித் துறை விலை விகிதப்படி எஸ்டிமேட் போடுவார். தொழில்நுட்ப அனுமதி, மாமன்ற ஒப்புதல், 1998-ம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர், ஒப்பந்தம், ஒர்க் ஆர்டர். பிறகு வேலை, எம்.புக்கில் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) அளவு, பில். ‘எப்போ போடுவீங்க?’ என்பதைவிட ‘கோப்பு எந்தப் படியில் இருக்கிறது?’ என்று கவுன்சிலரிடமும் உதவிப் பொறியாளரிடமும் கேளுங்கள். டெண்டருக்கு முந்தைய படி என்றால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஏனென்றால் எஸ்டிமேட்டில் இல்லாத வேலைக்குப் பில் கிடையாது. பில் இல்லாததை ஒப்பந்தக்காரர் செய்யமாட்டார். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும், வீட்டு மட்டத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். ஆனாலும் எஸ்டிமேட்டில் ‘மில்லிங்’ என்ற வரியும், எத்தனை மில்லிமீட்டர் என்பதும் எழுதியிருந்தால்தான் இயந்திரம் உங்கள் தெருவுக்கு வரும். சிமென்ட் ரோடு என்றால் மேலே கொஞ்சம் சுரண்டினால் போதாது. 180 மி.மீ. கான்கிரீட்டுக்கும் அதன் அடித்தளத்துக்கும் சேர்த்துத் தோண்டி எடுக்கும் கனம் எஸ்டிமேட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த உயரம் அப்படியே வாசலில் ஏறும்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். முதல் படியின் மேல்முனையிலிருந்து ரோடு வரை டேப்பை நிறுத்தி, அளவு தெரியும்படி வீட்டுக்கு வீடு போட்டோ எடுத்து, மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். பின்னால் ‘ரோடு ஏறவே இல்லை’ என்று யாரும் சொல்ல முடியாது.

ரோடு போட்ட முதல் மழையிலேயே நீளவாக்கில் உள்வாங்கினால் காரணம் தார் இல்லை, அடியில் இருக்கும் பள்ளம். குழாய்க்கு மேல் மண்ணை 150 முதல் 200 மி.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தண்ணீர் விட்டு இடித்து இறுக்க வேண்டும். மொத்தமாகத் தள்ளி மூடினால் மேலே எது போட்டாலும் இறங்கும். வீட்டு இணைப்புகள் எல்லாம் முடிந்தனவா, மேன்ஹோல் மூடி புது மட்டத்துக்குச் சரி செய்யப்படுமா என்பதையும் ஒர்க் ஆர்டருக்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் புது ரோட்டை ஒரு மாதத்தில் மறுபடி வெட்டுவார்கள்.

அளவைச் சரிபார்க்கக் கணக்கு எளிது. 200 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் என்றால் 800 சதுர மீட்டர். 30 மி.மீ. தார்க்கலவை 24 கன மீட்டர், எடையில் 56 டன் அளவுக்கு வரும். லாரி எடைச்சீட்டுகளைக் கூட்டிப் பாருங்கள். 40 டன்தான் வந்திருந்தால் கனம் 21 மி.மீ.தான். வி.ஜி.-30 என்ற தரத் தார் என்றால் கலவை 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். தூரத்துப் பிளான்ட்டிலிருந்து தார்ப்பாய் மூடாமல் வரும் லோடு இதில்தான் தோற்கும். 180 மி.மீ. சிமென்ட் ரோட்டுக்கு 144 கன மீட்டர், அதாவது 6 கன மீட்டர் மிக்சர் வண்டியில் 24 லோடு. இந்த 4 மீட்டர் அகலத் தார் ரோட்டில் நடு, ஓரத்தைவிட 5 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும், ஒரு நூலை இழுத்துக் கட்டினால் தெரிந்துவிடும்.

எஸ்டிமேட் நகல் கேட்டுத் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. எம்.புக் நகலையும் ஒப்பந்தத்தில் உள்ள குறைபாடு பொறுப்புக் காலத்தையும் சேர்த்தே கேளுங்கள். அந்தக் காலத்துக்குள் ரோடு பெயர்ந்தால் ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரி செய்ய வேண்டும்.

ஒர்க் ஆர்டர் செப்டம்பரில் வந்தால் அவசரப்படுத்தாதீர்கள். கடலூரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரத் தரையில் தார் ஒட்டாது. பள்ளத்தை மட்டும் ஜல்லிக் கலவை போட்டு உருட்டி மூடித் தரச் சொல்லி, ஜனவரியில் ரோடு போடச் சொல்லுங்கள்.