டெல்லி நிறுவனம் தரும் வெளிநாட்டு நிதியைத் தாராவி அறக்கட்டளை வாங்கலாமா? முன்பு வாங்கினோமே, இப்போது ஆடிட்டர் தடுக்கிறாரே?

வாங்க முடியாது. உங்கள் தாராவி அறக்கட்டளைக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருந்தாலும் சரி, டெல்லி நிறுவனம் தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தைப் பிரித்துத் தரக்கூடாது. 2020 செப்டம்பர் திருத்தம் அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவை மாற்றி அந்த வழியை அடைத்துவிட்டது. ஆடிட்டர் தடுத்தது இதனால்தான் இருக்கும். "முன்பு வாங்கினோமே" என்கிறீர்கள். அது பழைய சட்டத்தில்.

முதலில் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். உள்நாட்டு நன்கொடை என்றால் இந்தத் தடை இல்லை. ஆனால் அதை உங்கள் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கில் போடாதீர்கள், சாதாரணக் கணக்கில்தான் வாங்க வேண்டும்.

வெளிநாட்டுப் பணம்தானா? அப்படியானால் நன்கொடையாளரே டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள உங்கள் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்குக்கு நேரடியாக அனுப்பட்டும். நடுவில் யாரும் வேண்டாம்.

2025இல் யு.எஸ்.எய்ட் (அமெரிக்க அரசின் உதவி அமைப்பு) நிதி நின்ற பிறகு பலர் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) பக்கம் திரும்பியிருக்கிறார்கள். மும்பையில் கம்பெனிகளுக்கா பஞ்சம்! அதற்கு சி.எஸ்.ஆர்.-1 பதிவு (கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்வது), 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், அதே துறையில் 3 ஆண்டு வேலை எல்லாம் கேட்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: "ஆலோசனைக் கட்டணம் என்று பில் போடுங்கள், அனுப்பிவிடுகிறோம்" என்பார்கள். செய்யாத வேலைக்குப் பில் போட்டால் இரண்டு பேருடைய பதிவுக்கும் ஆபத்து. உண்மையாகவே வேலை செய்து கொடுப்பதானால், ஒப்பந்தத்தை ஆடிட்டரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.