புல் விதை திட்டுத்திட்டாக முளைத்தால் என்ன செய்வது?

கேள்வி: வீட்டு முன்னால் புல்தரை போடலாம் என்று பெர்முடா விதை தூவி மூன்று வாரம் ஆகிறது. தினமும் காலையில் ஹோஸ் பிடித்து நன்றாகத் தண்ணீர் விடுகிறேன். அங்கங்கே கொத்தாக முளைத்திருக்கிறது, பாதி இடம் மொட்டை, மரத்தடியில் ஒன்றுமே இல்லை. இன்னொரு பாக்கெட் வாங்கி மேலே தூவிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதல் பாக்கெட்டுக்கு என்ன ஆனதோ அதுவேதான் இரண்டாவதுக்கும் ஆகும்.

முதலில் தரையில் குனிந்து, முளைத்தது எங்கே முளைத்திருக்கிறது என்று பாருங்கள். பள்ளமான இடங்களில் மட்டும் அடர்த்தியாக இருந்தால், ஹோஸ் தண்ணீர் விதையை அடித்துக்கொண்டு போய் அங்கே சேர்த்திருக்கிறது. நடந்த கால்தடத்துக்குள் மட்டும் பச்சையாக இருந்தால், மற்ற இடங்களில் விதை மண்ணோடு ஒட்டாமல் சும்மா மேலே கிடக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான், சில நேரம் இரண்டும். விதை மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், மிச்சமிருக்கும் விதையில் 100 எண்ணி ஈரத்துணியில் மடித்து, காயாமல், கதகதப்பான இடத்தில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் முளைத்தால் விதை மேல் பெரிய குறை இல்லை.

அடுத்தது தண்ணீர். காலையில் ஒரு தடவை ஊற விட்டால் போதும் என்று நினைப்பது வளர்ந்த புல்லுக்குச் சரி, விதைக்குச் சரிவராது. விதை இருப்பது மேல்மண்ணில், அரை சென்டிமீட்டருக்குள். வெயில் ஏறினால் மதியத்துக்குள் அந்த அரை சென்டிமீட்டர் காய்ந்துவிடும், ஈரம் குடித்து முளைவிட ஆரம்பித்த விதை ஒரு தடவை காய்ந்தால் அதோடு சரி, மறுநாள் எவ்வளவு ஊற்றினாலும் எழுந்து வராது. அதனால் முளைக்கும் வரை பூவாளியிலோ நுண்தூவலிலோ ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, மேல்மண் நனையும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள். குட்டை கட்டினால் நாற்றழுகல் (இளம் முளை அடியில் அழுகிச் சாயும் நோய்) வரும். முளை எல்லா இடத்திலும் தெரிந்த பிறகு இடைவெளியைக் கூட்டி, தடவைக்கு விடும் அளவையும் கூட்டுங்கள், அப்போதுதான் வேர் கீழே இறங்கும்.

சூட்டையும் மறக்கக் கூடாது. பெர்முடாவுக்கு மண்ணே 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். குளிரான நாட்களில் தூவியிருந்தாலோ, மேல்தோல் நீக்காத விதையாக இருந்தாலோ மூன்று வாரம் தாண்டியும் முளைப்பது உண்டு, ஆகவே தண்ணீர் முறையை மாற்றி இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம்.

மரத்தடியை விட்டுவிடுங்கள். பெர்முடாவுக்குத் தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், நிழலில் முளைத்தாலும் நோஞ்சானாக நின்று போய்விடும். அங்கே நிழல் தாங்கும் செடி எதையாவது வையுங்கள், அல்லது மரச்சீவலைப் பரப்பிவிடுங்கள்.

சரி, மொட்டைத் திட்டுகள்? உள்ளங்கை அகலத்தில் இருப்பதைத் தொடவே வேண்டாம், பெர்முடா ஓடுகொடி விட்டுத் தானே மூடிக்கொள்ளும் (ரை புல் போலக் கொத்தாக வளரும் வகைகள் என்றால் இந்தச் சலுகை கிடையாது). பெரிய மொட்டைகளில் மட்டும் மறுபடி விதையுங்கள். இறுகிக் கிடக்கும் மண்ணை 10 சென்டிமீட்டர் கொத்தி, கட்டி உடைத்து, மக்கிய உரம் கொஞ்சம் கலந்து மட்டம் செய்து, விதைக்காமலே ஒன்றிரண்டு வாரம் தண்ணீர் விடுங்கள். மண்ணுக்குள் தூங்கும் களை எல்லாம் முளைத்து வரும், அதை மேலோட்டமாகச் சுரண்டி எடுத்துவிட்டு அப்புறம் விதைத்தால் பின்னால் பாதி வேலை மிச்சம். பலரும் அவசரத்தில் இதைத் தவிர்க்கிறார்கள், பிறகு புல்லையும் களையையும் பிரிக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

ஒரு சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் விதை போதும், கூடினால் நெருக்கத்தில் எதுவும் தேறாது. காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கிலும் பாதியை அகலவாக்கிலும் தூவி, ரேக்கின் பின்புறத்தால் மெல்ல இழுத்துவிட்டு, உருளை ஓட்டுங்கள். உருளை இல்லையென்றால் பலகையைப் போட்டு அதன் மேல் மிதித்தாலே விதை மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

களைக்கொல்லி பக்கம் இப்போது போகாதீர்கள். முளைக்கு முன் தெளிக்கும் வகை புல் விதையையும் சேர்த்தே தடுத்துவிடும், மற்ற வகைகளுக்கும் மூன்று நான்கு தடவை புல் வெட்டி முடியும் வரை பொறுங்கள். முதல் வெட்டு புல் 5 சென்டிமீட்டர் வந்ததும், கூர்மையான பிளேடில், மண் காய்ந்திருக்கும்போது, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல். மழுங்கிய பிளேடு இளம்புல்லை வெட்டாது, வேரோடு பிடுங்கும்.